தண்ணி வந்துட்டு

இல்லை மைனி, இதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அன்றைக்குச் சந்து முழுக்கத் தண்ணீர் இல்லாமல் காய்ந்ததற்குக் காரணம் என் தூக்கம் அல்ல, உங்கள் கடிகாரம். கனடாவில் உட்கார்ந்துகொண்டு ஒரு மணி நேரம் பிந்திக் கூப்பிட்டது நீங்கள். இங்கே ஏழு வீட்டுக் குடங்களும் வாய் பிளந்து கிடந்ததைப் பார்த்தது நான். "கொழுந்தனாரு ஒறங்கிட்டாரு" என்று போனில் ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லி வைத்தீர்களே, அதற்கு நான் இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை. இப்போது சொல்லலாம் என்று பார்த்தால் கேட்க ஆள் இல்லை.

இசக்கியம்மாள் போய்விட்டார். தாராவியில் எங்கள் சந்தில் பெரியவர்களுக்கு அவர் இசக்கி, சின்னவர்களுக்கு ஆச்சி, எனக்கு மைனி. ரத்த உறவு ஒன்றுமில்லை. அவர் வீட்டுக்காரரை நான் அண்ணாச்சி என்று கூப்பிட்டேன், அதனால் அவர் எனக்கு மைனி, நான் அவருக்குக் கொழுந்தன். இந்த முறையில் ஒரு வசதி உண்டு. என்ன கேலி செய்தாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த வசதியை இரண்டு பேருமே கொஞ்சமும் மிச்சம் வைக்காமல் பயன்படுத்தினோம். அண்ணாச்சி காலமான பிறகும் அது நிற்கவில்லை.

இரங்கல் கூட்டத்துக்கு எழுதிக் கொடுங்கள் என்று எங்கள் தமிழ்ச் சங்கத்தில் கேட்டபோது, நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பெல்ட்டுக்குப் பக்கிள் அடித்த கை, படித்த ஆளாகப் பாருங்கள் என்றேன். செயலாளர் விடவில்லை. "படிச்சவங்க நெறைய பேரு இருக்காங்க அண்ணாச்சி. ஆனா இசக்கியம்மாகிட்ட அதிகமா ஏச்சு வாங்குன ஆளு நீங்கதான்" என்றார். அது உண்மை. தகுதி இருப்பதால் எழுதுகிறேன்.

தை பிறக்கச் சில நாட்கள் இருந்தன. தண்ணீருக்கு எழுப்ப மைனி கனடாவிலிருந்து தினமும் கூப்பிடுவதுபோல, விடிய ஐந்து மணிக்கு என் போன் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. நான் விழித்துதான் கிடந்தேன். சாட்சி இல்லாததால் மைனி நம்பியிருக்க மாட்டார், ஆனாலும் விழித்துதான் கிடந்தேன். வெளியே குழாய் இருமத் தொடங்கியது. எங்கள் குழாய், தண்ணீர் வருவதற்கு முன்னால் பீடி குடிக்கிறவன் போல இருமும். அப்புறம் தண்ணீரும் வந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு சந்தோஷமாகக் காத்திருந்தேன். மைனி பிந்திவிட்டார், இன்றைக்குச் சொல்லிக்காட்ட வேண்டும், வாயை மூட வைக்க வேண்டும் என்று என்னென்னவோ தயார் செய்தேன்.

தண்ணீர் மெலியும் நேரத்தில்தான் போன் வந்தது. பேசியது அவருடைய பேத்தி நித்யா. அங்கேயே படித்து வளர்ந்த பெண்.

"தாத்தா, ஆச்சி போயிட்டு."

அவ்வளவுதான் சொன்னாள். நான் மிச்சத்துக்குக் காத்திருந்தேன். போயிட்டு என்றால் பின்னால் ஒன்று வர வேண்டுமே. போயிட்டு வரும். போயிட்டு வந்து பேசும்.

"எங்க போயிட்டு? தண்ணி நேரத்துல ஊரு சுத்தப் போயிட்டாளா ஒங்க ஆச்சி?" என்று கேட்டேன்.

அந்தப் பிள்ளை மறுபடியும், "போயிட்டு, தாத்தா" என்றாள். அவள் அப்பன், மைனியின் மகன் முருகேசன், போனை வாங்கி, "சித்தப்பா" என்று அழுதான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மிச்சத்தைப் பிறகு அவன் சொன்னான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். எங்களைக் கூப்பிடும் நேரத்துக்குச் சமையலறை நாற்காலியில் வந்து உட்காருகிறவர் அன்று வரவில்லையே என்று நித்யா போய்ப் பார்த்திருக்கிறாள். எங்கள் தண்ணீர் நேரம்தான் அவர் போனதை அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தது.

எங்கள் தெற்கத்திப் பேச்சில் தண்ணி போயிட்டு, ரயில் போயிட்டு என்றால் போய்விட்டது என்று பொருள், அது முழுச் சொல். போனது போனதுதான். மனுஷருக்கு அப்படிச் சொல்வதில்லை. மனுஷர் போயிட்டு என்றால் வந்தாக வேண்டும். அந்தப் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அவள் அந்தப் பேச்சை எங்கிருந்து பிடித்தாள் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுத வேண்டியிருக்கிறது.

சந்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஏழு வீடுகளுக்கும் ஒரே குழாய். விடியற்காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். முந்தின ராத்திரியே குடங்களை வரிசையாக வைத்துவிடுவோம். யார் குடம் எத்தனையாவது என்பது எங்கள் சந்தின் சட்டம். அதில் மைனியின் குடம் மூன்றாவது, நீலம். தண்ணீர் வந்ததும் எல்லாரையும் எழுப்புகிற வேலையை மைனியிடம் யாரும் ஒப்படைக்கவில்லை. அவரே எடுத்துக்கொண்டார். ஒரு எவர்சில்வர் செம்பைக் குடத்தின் வயிற்றில் அடித்துக்கொண்டே "தண்ணி வந்துட்டு! தண்ணி வந்துட்டு!" என்று இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போவார். முருகேசன் கல்யாணத்தன்று பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவுமாகச் செம்பை அடித்துக்கொண்டு போனார். செம்பூரிலிருந்து முந்தின நாளே வந்து தங்கியிருந்த பெண்வீட்டார் ஏதோ லஃப்டா, அடிதடி என்று பயந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் கையிலும் ஆளுக்கொரு குடத்தைக் கொடுத்தார் மைனி.

குழாயடியில் சண்டை வராமல் இருக்குமா? வரும். அதற்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். "மொதல்ல கொடம், பொறவு கொணம்." நிறையும் வரைக்கும் யாரும் யாரையும் திட்டக் கூடாது. நிறைந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளலாம். நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு யாரால் சண்டை போட முடியும்? அதுதான் அவருடைய தந்திரம்.

மாட்டுங்காவில் ஒரு வீட்டில் அவர் பல வருஷம் சமையல் வேலை பார்த்தார். ஆபீஸ் உத்தியோகக் குடும்பம், நல்ல தமிழ் பேசுகிறவர்கள், நம் தமிழ் இல்லை. முதல் வாரம் அங்கே குழாயில் தண்ணீர் வந்ததும் மைனி பழக்கத்தில் "தண்ணி வந்துட்டு" என்று கூவியிருக்கிறார். வீட்டு மாமி கையில் புத்தகத்தோடு வந்து நின்று, "வந்துட்டு? வந்துட்டு என்ன பண்ணித்து?" என்று கேட்டாராம். மைனிக்குப் புரியவில்லை. "வந்துட்டு. வேற என்ன பண்ணும்? நாமதான் பிடிக்கணும்" என்றாராம். அதை வந்து சந்தில் சொன்ன நாளிலிருந்து நான் விடவில்லை. காலையில் அவர் கூவும்போதெல்லாம் உள்ளே படுத்துக்கொண்டே, "வந்துட்டு என்ன பண்ணித்து?" என்று கேட்பேன். "ஒம்ம தலையில ஊத்தும். எந்திரியும்" என்று பதில் வரும். எத்தனை வருஷம்! கேள்வியும் மாறவில்லை, பதிலும் மாறவில்லை.

போன வைகாசியில் முருகேசன் டிக்கெட் அனுப்பினான். அவன் இங்கே ஏசி மெக்கானிக்காக இருந்து, துபாய் போய், அங்கிருந்து கனடா போனவன். அம்மா ஒருத்தி இங்கே தனியாகக் கிடக்கிறாளே என்று அவனுக்கு உறுத்தல். இரண்டு மாசம் வந்து இருங்கள் என்றுதான் சொன்னான். ஆனால் அவன் மனசில் இருந்தது இரண்டு மாசம் இல்லை என்பது எனக்கும் தெரியும், மைனிக்கும் தெரியும். ஒரேயடியாக வைத்துக்கொள்ள நினைத்தான். பெற்ற பிள்ளை நினைப்பதில் தப்பில்லை. அதனால்தானோ என்னவோ, கிளம்புகிற அன்று மைனி பெட்டியைவிடக் குடத்தைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டார்.

"கொழுந்தனாரே, எங் கொடம் மூணாவது. டெய்லி வைக்கணும், டெய்லி ரொப்பணும். ஒரு வாரம் வைக்காம வுட்டா எவளாவது எடத்தப் பிடிச்சிருவா."

"ஆளில்லாத வீட்டுக்கு எதுக்கு மைனி தண்ணி?"

"ஆளு வரும்லா. வந்து எங்க நிக்கும்? கடைசியிலயா?"

"அங்க ஒங்க மவன் வீட்டுல ரூமுக்கு ரூமு கொழாயாம். அத வுட்டுட்டு இந்த இருமுத கொழாய்க்கா வருவிய?"

"ரெண்டு மாசம். எண்ணிக்கிடும்" என்றார். பிறகு செம்பை என் கையில் கொடுத்தார். அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஊர்வலத்தில் ஒருத்தர் மேளத்தை இன்னொருத்தர் தோளில் மாட்டுகிற மாதிரி இருந்தது. நான் கேலிக்காக, "அப்பாடா, இனிமே நிம்மதியா ஒறங்குவோம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

நிம்மதியாகத்தான் உறங்கினோம். பக்கத்து வீட்டு ரஹ்மத் பீவி, "எல்லாரும் செல்லுல அலாரம் வச்சுக்கிடுவோம் காக்கா, இதென்ன பெரிய காரியம்" என்றாள். அவள் பேச்சில் காக்கா என்றால் அண்ணன். வைத்தோம். ஏழு வீட்டிலும் அலாரம் அடித்தது. ஏழு வீட்டிலும் அதை அமுக்கிவிட்டு, பக்கத்து வீட்டில் எழுந்திருப்பார்கள் என்று திரும்பிப் படுத்தோம். இரண்டு நாள் தண்ணீர் சாக்கடைக்குப் போனது. மூன்றாம் நாள் ஐந்து மணிக்கு என் போன் அடித்தது. நீளமான நம்பர். எடுத்தேன்.

"தண்ணி வந்துட்டா?"

எனக்கு ஒரு நொடி சந்தில் இருந்துதான் கேட்கிறது என்று தோன்றியது. "மைனி, போய்ச் சேந்தாச்சா? பிளேன்ல சோறு போட்டானா?" என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் பொறவு. கொழா இருமுதா இல்லியா? காது கேக்கலியா ஒமக்கு? செம்ப எடும்!"

எடுத்தேன். அடித்தேன். அன்றிலிருந்து தினமும் அதுதான். அங்கே அப்போது முந்தின நாள் சாயங்காலம் ஏழரை. வெயில் அடிக்கும். வீடியோவில் பார்ப்பேன், அவர் முகத்தில் வெயில் விழும். எங்களுக்கு இன்னும் விடிந்திருக்காது. "மைனி, நீங்க இன்னும் நேத்துலயே இருக்கிய. நாங்க இன்னைக்கு வந்துட்டோம்" என்று சீண்டினேன். "என்ன செய்ய? ஒம்மள எழுப்ப நேத்துல இருந்தே கூப்பிட வேண்டியிருக்கு" என்றார்.

வெளிநாடு போனவர்கள் வீட்டுக்குக் கூப்பிட்டால் என்ன கேட்பார்கள்? சாப்பிட்டாயா, உடம்பு எப்படி, மழை உண்டா. மைனி அதெல்லாம் கேட்டதே இல்லை. போனைக் குழாயடியில் பிடிக்கச் சொல்வார். அவருடைய நீலக் குடத்தின் முறை வரும்போது பக்கத்தில் கொண்டுபோகச் சொல்வார். தண்ணீர் அடியில் விழும்போது ஒரு சத்தம், ஏற ஏற வேறு சத்தம். கழுத்துக்கு வந்ததும் அங்கிருந்தே, "நெறஞ்சிட்டு, நகட்டும்" என்பார். ஒரு நாள் வேண்டுமென்றே நகட்டாமல் இருந்தேன். "வழியுது கொழுந்தனாரே, ஒமக்குக் கண்ணு போயிட்டா?" என்று கத்தினார். கண்ணால் பார்த்த எனக்கு முன்னால் காதால் கேட்ட அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் வீட்டுத் தண்ணீரை நான் ரஹ்மத் வீட்டுத் தொட்டியில் ஊற்றிவிடுவேன். அவளுக்குப் பிள்ளைகள் நாலு. மைனிக்கு அது தெரியும். குடம் நிறைந்ததா என்று கேட்பாரே தவிர, தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டதில்லை.

இரண்டு மாசம் முடிந்தது. ஆடி போனது, ஆவணி போனது. விசாவை நீட்டியிருக்கிறேன் சித்தப்பா என்றான் முருகேசன். ஒரு நாள் மைனிக்குத் தெரியாமல் தனியாகக் கூப்பிட்டான்.

"சித்தப்பா, நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க. இங்கயே இருக்கட்டும். வயசாவுது. அந்த வீட்ட யாருக்காவது வாடகைக்கு வுட்டுருவோம். உல்லாஸ்நகர்ல நம்ம ஊருக்காரக் குடும்பம் ஒண்ணு கேக்குது. அனுப்புதேன், காட்டுங்க."

"ஒங்கம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னா சண்ட போடுவாங்க."

"பொறவு எங்கிட்ட ஏன்டா சொல்லுதே? எனக்கு மட்டும் சண்டைக்குத் தெம்பு இருக்கா?" என்றேன். ஆனாலும் அவர்கள் வந்தார்கள், காட்டினேன். புருஷன், பெண்டாட்டி, நல்ல மாதிரி. அந்தப் பெண் வீட்டுக்குள் போகவில்லை. நேராகக் குழாயடிக்குப் போய், "தண்ணி எப்ப வரும் பெரியப்பா? இந்த வீட்டுக்கு எத்தனாவது நம்பரு?" என்று கேட்டாள். விவரமான பெண். ஒரு பச்சைக் குடத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். அளவு பார்ப்பதுபோல அதை மூன்றாவது இடத்தில், நீலக் குடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

மறுநாள் காலை போனில் நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் இருக்காதே.

"மைனி, ஒங்க எடத்துக்கு உல்லாஸ்நகர்க் கொடம் ஒண்ணு வந்துட்டு."

ஏச்சு வரும் என்று பார்த்தால் மெதுவாக ஒரு கேள்விதான் வந்தது.

"என்ன கலரு?"

"பச்ச."

"பச்சக் கொடம் ஒழுவும். போயிச் சொல்லும்" என்று வைத்துவிட்டார்.

அன்று கனடாவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. முருகேசன் மறுபடி வாடகைப் பேச்சு எடுக்கவில்லை. "சித்தப்பா, ஒங்கள நம்பிச் சொன்னேன் பாருங்க" என்று மட்டும் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தான். குடம் மூன்றாவது இடத்திலேயே இருந்தது. ஆனால் எப்போது வருவேன் என்று மைனியும் சொல்லவில்லை, எப்போது வருவீர்கள் என்று நாங்களும் கேட்கவில்லை. மகனுக்கும் குழாய்க்கும் நடுவில் அவரை நிறுத்தி வைத்து, முடிவைச் சொல்லு என்று யார் கேட்பது? நான் கேலியால் சுற்றிச் சுற்றி வந்தேன். அவரும் சுற்றிச் சுற்றியே பதில் சொன்னார்.

இனி அந்தக் கடிகாரச் சண்டை. ஐப்பசியில் ஒரு நாள் ஐந்து மணிக்குப் போன் வரவில்லை. ஆறு மணிக்கு வந்தது. அதற்குள் குழாய் இருமி, கொட்டி, ஓய்ந்துபோயிருந்தது. ஏழு வீட்டுப் பெண்களும் காலிக் குடங்களோடு என் வாசலில் நின்றார்கள்.

"மைனி, என்ன இவ்வளவு பிந்தி?"

"பிந்தியா? ஏழரைக்குக் கூப்பிட்டேன். டெய்லி ஏழரைக்குத்தானய்யா கூப்பிடுதேன்."

"இங்க ஆறு மணி."

"ஒம்ம வாச்சு கெட்டுட்டு."

"ஏழு வீட்டு வாச்சுமா கெட்டுட்டு? மைனி, ஏழரையில கூப்பிட்டா ஏழரைதான் வரும்னு அப்பவே நெனச்சேன். சனி அங்க இருந்து பிடிச்சிருக்கு."

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. முழிச்சிருந்தா தண்ணி போயிருக்குமா? ஒறங்கிட்டீரு, ஒத்துக்கிடும்!"

பிறகு முருகேசன் விளக்கினான். அந்த ஊரில் குளிர்காலம் வந்தால் சர்க்காரே எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்துவிடுமாம். சுவரில் இருந்ததை அவன் ராத்திரியே மாற்றியிருக்கிறான், அம்மாவிடம் சொல்ல மறந்துவிட்டான். மைனி அதைக் கேட்டுவிட்டு, "சர்க்காரு சொன்னா முள்ளு கேக்கும். தண்ணி கேக்குமா?" என்றாராம். அடுத்த நாளிலிருந்து அங்கே ஆறரைக்கு உட்கார்ந்து எங்களைச் சரியாக ஐந்துக்குக் கூப்பிட்டார். ஆனால் தப்பு தன் பக்கம் என்று ஒத்துக்கொண்டாரா? இல்லை. வீடு வீடாகப் போன் போட்டு என் தூக்கத்தைத்தான் பிரசித்தம் செய்தார். ரஹ்மத் பீவி இன்றைக்கும் என்னைப் பார்த்தால், "காக்கா, நல்லா ஒறக்கமா?" என்பாள்.

அங்கே மைனிக்கு எல்லாம் வசதி. குளிர் தெரியாத வீடு, வென்னீர், மெத்தை. ஒன்றே ஒன்றுதான் சகிக்கவில்லை, குழாய். திறந்தால் வந்துகொண்டே இருக்கிறது. நித்யா குழாயைத் திறந்து விட்டுவிட்டுப் பல் தேய்ப்பாள், மருமகள் குழாயைத் திறந்து விட்டுவிட்டு போன் பேசுவாள். மைனி அடியில் ஒரு வாளியைக் கொண்டுபோய் வைப்பார். வாளித் தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் வெளியே ஊற்றி, குளிரில் அது உறைந்து, முருகேசன் வழுக்கி விழுந்தான். அதன்பிறகு வாளிக்குத் தடை. "வராத தண்ணிக்குக் காத்துக் கெடக்கலாம் கொழுந்தனாரே. நிக்காத தண்ணிய என்னால பாக்க முடியல" என்று ஒரு நாள் சொன்னார். கேலி இல்லாமல் சொன்னார். நானும் கேலி செய்யவில்லை.

நித்யா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பாள். தமிழ் எழுத்தே தெரியாது. பேச்சும் அரைகுறை. ஆனால் தினமும் ஒரே பேச்சு காதில் விழுந்தால் யாருக்குத்தான் வராது? சில நாட்கள் அவளே போனைப் பிடுங்கி, "தாத்தா! தண்ணி வந்துட்டு!" என்று கத்துவாள். பிறகு அதே அச்சில் மற்றதையும் வார்த்தாள். அப்பா வந்துட்டு. அம்மா ஆபீஸ் போயிட்டு. மைனி விழுந்து விழுந்து சிரிப்பார், திருத்த மாட்டார். "திருத்துங்க மைனி, அப்பனப் போயி அஃறிணையில சொல்லுதா" என்றேன். "சொல்லட்டும். அவன் அப்படித்தான் திரியுதான்" என்றார். அந்த அச்சில்தான் கடைசியாக அந்தச் செய்தியும் வந்து விழுந்தது. அந்தப் பிள்ளை தப்பாகச் சொல்லவில்லை. அவளுக்கு ஆச்சியிடமிருந்து கிடைத்த தமிழ் அவ்வளவு. அதில் ஆச்சியைச் சொன்னாள்.

காரியம் எல்லாம் அங்கேயே முடிந்தது. அதற்கடுத்த நாள் காலை நான் ஐந்துக்கு முன்னாலேயே எழுந்துவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை. குழாய் இருமியது. செம்பை எடுத்தேன். குடத்தில் அடித்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனேன். "தண்ணி வந்துட்டு" என்று கூவ வேண்டும், குரல் சரியாக எழும்பவில்லை. ரஹ்மத் வீட்டுக்குள்ளிருந்து யாரோ ஒரு பிள்ளை தூக்கத்தில், "வந்துட்டு என்ன பண்ணித்து?" என்றது. என் கேலி, என்னிடமே திரும்பி வருகிறது. "ஒன் தலையில ஊத்தும், எந்திரி" என்றேன். அதன்பிறகு குரல் சரியாகிவிட்டது.

மைனியிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தச் செம்பும் இந்த நேரமும்தான். வயிற்றில் பள்ளம் விழுந்த செம்பு, யாரும் எழுப்பாமல் விழிக்கிற நேரம். இனிமேல் நான் உறங்கினேன் என்று எவரும் சொல்ல முடியாது. நீலக் குடம் மூன்றாவது இடத்தில்தான் இருக்கிறது. எடுத்துவிடலாமா என்று சந்தில் இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கப் போவதில்லை. இந்தக் கூட்டத்துக்கு வந்திருப்பவர்கள் வாசலில் குடித்த தண்ணீர் அந்தக் குடத்துத் தண்ணீர்தான். தாகம் இல்லாவிட்டாலும் போகும்போது இன்னொரு வாய் குடித்துவிட்டுப் போங்கள். நிறைந்த குடத்தை வழிய விடக் கூடாது.

கடைசியாகப் பேசியதை எழுதி முடித்துவிடுகிறேன். செய்தி வந்ததற்கு முந்தின நாள் காலை. குடங்கள் எல்லாம் நிறைந்துவிட்டன, பெண்கள் போய்விட்டார்கள். நான் குழாயடிக் கல்லில் உட்கார்ந்திருந்தேன். போனில் மைனி, சேலைக்கு மேலே மகனுடைய சட்டை, அதற்கு மேலே ஒரு கம்பளி, சமையலறை நாற்காலி. பின்னால் ஜன்னலில் இருட்டிவிட்டிருந்தது. என்னவோ தெரியவில்லை, அன்றைக்குச் சுற்றி வளைக்கத் தோன்றவில்லை. நேராகக் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். வருவதானால் நாங்கள் இருக்கிறோம், அங்கேயே இருப்பதானாலும் குறையில்லை, குடம் குடத்தின் இடத்திலேயே இருக்கும் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

"மைனி, இப்ப கேலி இல்ல. நெசமாவே ஒண்ணு கேக்கணும்."

"நீரா? கேலி இல்லாமயா? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"இல்ல மைனி. கேளுங்க. நீங்க போயி இவ்வளவு நாளாச்சு. முருகேசன் ஒண்ணு நெனைக்கான், நாங்க இங்க ஒண்ணு நெனைக்கோம். ஒங்க மனசுல..."

அவர் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. என்னைப் பார்க்கவில்லை. வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"இரும் கொழுந்தனாரே. அங்க எவளோ கொழாயத் தொறந்து போட்டுட்டுப் போயிருக்கா. மூடிட்டு வாரேன்."

எழுந்து போனார். காலி நாற்காலி தெரிந்தது. "மைனி, நான் என்ன சொல்ல வந்தேன்னா" என்று நான் அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே எங்கோ தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.